வீட்டு மின்செலவைக் குறைக்கும் வழி

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இன்று பேசுவதற்கு எமக்குத் தரப்பட்ட பொருளைக் கேட்டதும் நண்பர்கள் சிலர் நகைத்தனர். "இலக்கியம் பேசும் மேடையில் லைற் பில்லைப் பற்றியா பேசப்போகிறீர்கள்?" என்று கேட்டனர். பேசத்தான் போகிறோம். இலக்கியம் படிப்பதற்கும் இரவில் ஒரு விளக்கு வேண்டும். அந்த விளக்குக்கு மாதந்தோறும் ஒருவர் பணம் கட்டுகிறார். பெரும்பாலும் அவர் இந்த மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வூதியக்காரராய் இருப்பார். பின்வரிசையில் நிற்கும் எம் போன்றவராய் இருப்பதில்லை.

முதலில், நடந்ததைச் சற்று நினைவுபடுத்துவோம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இந்நாட்டில் மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. இவ்விரண்டையும் கூட்டி 141 என்று கணக்கிடுதல் தவறு. ஏறிய விலையின்மேலே மறுபடி ஏறியதால், முன்னர் 100 ரூபா கட்டியவர் ஏறக்குறைய 290 ரூபா கட்ட வேண்டியதாயிற்று. இது சராசரிக் கணக்கு. சிறிதளவே பாவித்த ஏழை வீடுகளுக்கு ஏறிய வீதம் இதனிலும் மிகக் கூடியது. பணம் கட்ட முடியாமற் பல இலட்சம் வீடுகளின் இணைப்புத் துண்டிக்கப்பட்டது. பின்னர் 2024 இலும் 2025 தொடக்கத்திலும் கட்டணம் குறைந்தது. 2025 யூனில் மீண்டும் 15 வீதம் ஏறியது. ஆகவே இவ்வுரையில் நாம் ரூபாக் கணக்குச் சொல்லமாட்டோம். ரூபா இன்று ஒன்று, நாளை ஒன்று. அலகுக் கணக்குச் சொல்வோம். நீங்கள் யூனிற் என்று சொல்லும் அந்த அலகு எந்த அரசாங்கம் வந்தாலும் மாறாது.

அலகென்றால் என்ன? 1000 வாற்றுக் கருவி ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் அலகு. 100 வாற்றுக் கருவி 10 மணி நேரம் ஓடினாலும் அதுவே. கருவி எத்தனை வாற்று, எத்தனை மணி நேரம் ஓடுகிறது. இவ்விரண்டையும் பெருக்கி ஆயிரத்தாற் பிரித்தால் விடை வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குரிய கணக்கு இது. ஆயினும் இதனைச் செய்து பார்த்த வீடு எமது ஒழுங்கையில் ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே.

இனி, பட்டியலில் உள்ள ஒரு வாசற்படியை விளங்கிக்கொள்ளல் வேண்டும். 2025 ஆம் ஆண்டில் இருந்த கட்டண முறையில், மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு. 60 ஐத் தாண்டும் வீட்டுக்கு வேறொரு கணக்கு. தாண்டியவர் மேலதிகமான அலகுகளுக்கு மாத்திரம் கூடுதலாகக் கட்டுகிறார் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. 61 ஆவது அலகு விழுந்ததும் முதலாவது அலகு தொடங்கி எல்லாவற்றுக்குமே விலை ஏறிவிடுகிறது. நிலையான கட்டணமும் உயர்கிறது. அதன்பின் 90, 120, 180 என்று மேலும் படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் அலகின் விலையும் நிலையான கட்டணமும் ஏறும். ஆதலின் 92 அலகு பாவிக்கும் வீட்டுக்காரர் மூன்று அலகைக் குறைப்பதும், 75 அலகு பாவிப்பவர் மூன்று அலகைக் குறைப்பதும் ஒன்றல்ல. முன்னவர் படியிறங்குகிறார்; பின்னவர் அதே படியிற் சற்று நகர்கிறார், அவ்வளவே. உங்கள் வீடு எந்தப் படிக்கு அண்மையில் நிற்கிறது என்பதைப் பழைய பட்டியல்கள் நான்கைந்தை எடுத்துப் பார்த்தால் அறிந்துகொள்ளலாம்.

இப்பொழுது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கற்பனை வீடுதான், ஆனால் இங்குள்ள பலருடைய வீட்டைப் போன்றது. பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று, நாளுக்கு ஓர் அலகு; மாதம் 30. மின்விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் 70 வாற்று, நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 33.6. 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் ஐந்து, 5 மணி நேரம்; 6.75. கிணற்று மோட்டர் 750 வாற்று, அரை மணி நேரம், 11.25. தொலைக்காட்சி 60 வாற்று, 4 மணி நேரம், 7.2. மின்னழுத்தி 1000 வாற்று, நாள்தோறும் கால் மணி நேரம், 7.5. கூட்டினால் 96 அலகும் சொச்சமும். இந்த வீடு 90 என்னும் படிக்குச் சற்று மேலே நிற்கிறது.

இந்தக் கணக்கில் உங்கள் கண்ணிற் படுவது எது? எமக்கு முதலிற் பட்டது மின்குமிழ். எல்லாரும் அணைக்கச் சொல்வது விளக்கைத்தான். பிள்ளைகளை ஏசுவதும் விளக்குக்காகத்தான். ஐந்து விளக்கும் சேர்ந்து 7 அலகுகூட இல்லை. 60 வாற்றுக் குண்டு பல்ப் இருந்த காலத்தில் ஏசியது நியாயம். அந்தப் பல்ப் ஒன்று 5 மணி நேரம் எரிந்தாலே மாதம் 9 அலகு. அதே வெளிச்சம் தரும் 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ் 1.35 அலகோடு நின்றுவிடும். காலம் மாறிவிட்டது, ஏச்சு மாத்திரம் மாறவில்லை.

இதனை நாம் வேடிக்கையாகச் சொல்லவில்லை. எமது ஒழுங்கையில் ஒரு பாட்டி தனியே இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். மாலையானால் வீட்டில் ஒரேயொரு விளக்குத்தான், அதுவும் சுவாமியறையில். விறாந்தையில் இருட்டில் அமர்ந்திருப்பார். ஒருநாள், "ஏன் ஆச்சி லைற் போடாமல் இருக்கிறியள்?" என்று கேட்டோம். "தம்பி, உந்த லைற்றைப் போட்டால் பில் ஏறுமெல்லோ. பிள்ளையள் அனுப்புற காசு, வீணாக்கக் கூடாது" என்றார். உள்ளே சென்று பார்த்தால் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருக்கிறது. திறந்து பார்த்தோம். இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு துண்டு தேசிக்காய், எப்போதோ வைத்த ஒரு மருந்துக் குப்பி. கதவின் இறப்பர் வார் ஒருபக்கம் பிளந்திருந்தது. மாதம் 30 அலகுக்குக் குறையாமல் அப்பெட்டி தின்கிறது; பாட்டியோ 1.35 அலகு விளக்கை அணைத்துவிட்டு இருளில் இருக்கிறார். படியிற் கால் இடறி விழுந்தால் அந்தச் செலவை எந்தப் பட்டியலிற் சேர்ப்பது?

மருந்துக் குப்பி குளிரில் வைக்கத் தேவையில்லாதது என்று மருந்துக்கடையிற் கேட்டு அறிந்த பின்னரே, பாட்டியின் சம்மதத்தோடு பெட்டியை நிறுத்தினோம். தண்ணீருக்கு ஒரு மண்பானை வந்தது. விறாந்தையில் விளக்கு எரிகிறது. எம்மைக் கேட்டால், சிக்கனம் என்ற சொல்லுக்கு இருட்டு என்று பொருள் கொள்ளும் வழக்கத்தை இனியாவது விடவேண்டும். படிக்கும் பிள்ளையின் மேசை விளக்கிலும், முதியோர் நடக்கும் இடத்து விளக்கிலும் ஒரு சதமும் மிச்சம்பிடிக்க வேண்டாம்.

எல்லார்க்கும் பெட்டியை நிறுத்துங்கள் என்று சொல்ல இயலாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டியதே. அவ்வாறாயின் அதனைச் சற்றுக் கவனியுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் இறப்பர் வார் தளர்ந்துவிட்டது. அதை மாற்றச் சிறு செலவே ஆகும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். உள்ளேயுள்ள வெப்பத்தை அது பின்புறமாகத்தான் வெளியேற்றுகிறது, அதற்குக் காற்று வேண்டும். அடுப்பின் பக்கத்திலும், மேற்கு வெயில் விழும் சாளரத்தருகிலும் வைத்தலாகாது. சுடுசோற்றை உள்ளே வைப்பது, பெட்டியைக்கொண்டு அடுப்பின் வெப்பத்தை இறைப்பதற்கு ஒப்பாகும்.

மின்விசிறிக்கு வருவோம். எமது கணக்கில் மிகப் பெரிய செலவு அதுவே. புதுவகை மோட்டர் பொருத்திய விசிறிகள் ஏறக்குறைய 30 வாற்றில் அதே காற்றைத் தருகின்றன. இரண்டையும் மாற்றினால் 33.6 அலகு 14.4 ஆகிவிடும், 19 அலகு மீதி. விலை சற்றுக் கூடியதுதான். ஆதலின் இரண்டையும் ஒருங்கே வாங்க வேண்டாம். கூடிய நேரம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள். வேறொன்று: சுவரிலுள்ள பழைய பெரிய வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? விசிறியை மெதுவாக ஓடவிட்டு நீங்கள் மிச்சம்பிடித்ததாய் எண்ணிய மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே வெப்பமாய்ப் போகிறது. இலத்திரனியல் முறைச் சிறு கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாற்றுதல் நன்று.

விசிறி ஏன் இவ்வளவு நேரம் ஓடவேண்டியிருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். எமது பாட்டனார் காலத்து நாற்சார் வீட்டில், உயர்ந்த ஓட்டுக்கூரையும் நடுமுற்றமும் வேப்பமர நிழலும் இருந்தன. நாம் அதனை இடித்துத் தட்டையான கொங்கிறீற்றுக் கூரை போட்டோம். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த அக்கூரை இரவு பத்து மணிக்கும் எமது தலைமேல் வெப்பத்தைக் கொட்டுகிறது. பழைய வீட்டுக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. கூரையின் மேற்புறத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி எறியும். மேற்குச் சுவருக்கு ஒரு கிடுகுத் தட்டி கட்டலாம். நண்பகலிற் சாளரங்களைச் சாத்தி, வெயில் தாழ்ந்ததும் அகலத் திறந்துவிடலாம். ஓட்டு வீட்டில் இருட்டுக் குசினி இருந்தால் ஓரிரு ஓட்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு போட்டால், பகல் விளக்கு வேண்டியதில்லை.

கிணற்று மோட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. தாங்கி நிரம்பி வழிந்து, கோடிக்குள் வாழை குளித்த பின்னரே மோட்டரை நிறுத்தும் வீடுகள் உண்டு. மின்சாரமும் போகிறது, நன்னீரும் போகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் இரண்டாவது இழப்பே பெரிது. ஒரு மிதவை ஆளி பொருத்தினால் தாங்கி நிறைந்ததும் மோட்டர் தானாக நிற்கும். குழாயின் அடிவாயிலுள்ள வால்வு ஒழுகினால் ஒவ்வொரு முறையும் வெறுங்குழாயில் மோட்டர் சுழன்றுகொண்டிருக்கும், அதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் 20 நிமிடமானால் மாதம் 3.75 அலகு மீதி.

சட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக அழுத்தாமல் வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் அழுத்தினால் 7.5 அலகு 4.3 ஆகும். இதில் இளைஞராகிய எமது பங்கே பெரிது, விளக்கம் வேண்டியதில்லை.

எமது கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். விசிறிகளை மாற்றி, மோட்டரையும் மின்னழுத்தியையும் ஒழுங்குபடுத்தியபின் 96 அலகு ஏறக்குறைய 70 ஆகிவிட்டது. 90 என்னும் படியைத் தாராளமாக இறங்கியாயிற்று. பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியது இவ்வளவுதான் என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். பழைய பெட்டி ஒருநாள் பழுதாகி, நாளுக்கு 0.7 அலகோடு நிற்கும் புதியது வந்தால் இன்னும் 9 அலகு குறையும். அப்போது கூட்டுத்தொகை 61 அலகும் சொச்சமும். வாசற்படியில் நின்றுவிட்டோம்! இந்த இடத்தில், வெற்றறையில் எரியும் ஒற்றை மின்குமிழை அணைத்தால் 59.8. விளக்கு அணைப்பதற்கும் ஒரு வேளை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் தங்கிப் படித்த மிஷன் பாடசாலை விடுதியில் இரவு மணியடித்ததும் விளக்கெல்லாம் அணைந்துவிடும், அந்தப் பழக்கம் இன்னும் எமது கையில் இருக்கிறது.

தேநீர் அருந்தாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. விருந்தாளி ஒருவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி வேண்டியிருக்க, மின்கேத்தல் நிறையத் தண்ணீர் கொதிக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 0.08 அலகுக்குச் சற்று மேல் வேண்டும். நாளுக்கு ஐந்து முறையானால் மாதம் 12 அலகுக்கு மேல். எமது கற்பனை வீட்டின் கிணற்று மோட்டருக்கு ஆனதிலும் கூட. காலையில் ஒருமுறை கொதிக்கவைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி வைப்பது எமது பெரியம்மாமார் வழக்கம். அவர்கள் பௌதிகவியல் படிக்கவில்லை. ஆயினும் கணக்கு அவர்கள் பக்கமே இருக்கிறது.

குசினி வாயுவைப் பற்றிப் பேசுகையில் ஒரு தயக்கம் உண்டு. 2022 இல் வாயுக் கொள்கலனுக்காக வீதியில் நின்ற வரிசைகளை நாம் மறக்கவில்லை. அக்காலத்திற் பல வீடுகள் விறகுக்குத் திரும்பின. ஊமலும் சிரட்டையும் காய்ந்த மட்டையும் கைக்கெட்டும் எமது ஊரில் விறகு மலிவுதான். ஆனால் மிச்சம்பிடித்த பணம் அம்மாவின் நெஞ்சிற் புகையாய் இறங்குமானால் அதனைச் சிக்கனம் என்று சொல்ல எமக்கு மனமில்லை. விறகுதான் வழியென்றால், இந்நாட்டிற் பரவலாக விற்கும் "அனகி" என்னும் இருவாய் மண்ணடுப்பை வாங்குங்கள். மூன்று கல் அடுப்பைவிட அதற்கு விறகு குறைவாகவே வேண்டும். ஒரு வாயிற் சோறும் மறுவாயிற் கறியும் ஒரே நெருப்பில் வேகும். விறகு நன்றாய்க் காய்ந்திருக்க வேண்டும். புகை மேலே போவதற்கு ஒரு வழியும் வேண்டும்.

வாயு அடுப்புக்காரர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றே. கொதிக்கும் தண்ணீர், பெருந்தீயிலும் சிறுதீயிலும் அதே 100 பாகையில்தான் நிற்கும். கொதி வந்தபின் தீயைப் பெருப்பித்தால் சோறு விரைவில் வேகாது. ஆவி மாத்திரம் கூடுதலாகப் போகும். ஆகவே கொதித்ததும் தீயைக் குறைத்து மூடியை மூடுங்கள். கடலை, பயறு, கௌபி எல்லாம் முதல்நாள் இரவே ஊறட்டும். ஊறிய கடலை குறைந்த நேரத்தில் வெந்துவிடும். இன்னும் துணிவுள்ளவர்கள், முக்காற்பதம் வெந்த சோற்றுப்பானையை இறக்கிப் பழந்துணி அடைத்த கடகத்துக்குள் மூடி வைத்துப் பார்க்கலாம். மிகுதி வேக்காடு தீயின்றியே நிகழும்.

சூரியத் தகடுகளைப் பற்றிக் கேட்பீர்கள். கூரையில் உண்டாக்கும் மின்சாரத்தைக் கணக்கில் வரவு வைக்கும் முறை 2010 தொடக்கம் இந்நாட்டில் வந்தது. 2016 இல் அது விரிவாக்கப்பட்டது. வசதியுள்ளோர் செய்யட்டும். கையிலுள்ள பணத்துக்குள் செய்யக்கூடியவற்றையே இன்று பேச வந்தோம்.

முன்வரிசையிலுள்ள பெரியோர்கள் சிரிப்பதைப் பார்க்கிறோம். உங்களுக்கு நாம் சிக்கனம் கற்பிப்பதா! 1990 இல் எமது குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் பொன்விலை விற்ற காலத்தில், ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சு வைத்துச் சில கரண்டி எண்ணெய் ஊற்றி, திரியிட்டு, அவ்வெளிச்சத்திற் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் நீங்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நீங்கள். நாம் அந்தக் காலத்தில் பிறக்கவில்லை. அந்த விளக்கை எமக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள். ஆனால், அன்று இல்லாமையாற் செய்ததை இன்று மின்குமிழ் இருக்கையிலும் பழக்கத்தாற் செய்துகொண்டு, இருளில் அமர்ந்திருக்க வேண்டாம் என்று பிள்ளைகளாய் நின்று கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக ஒரு வேலைத்திட்டம். வருகிற ஞாயிறு தொடக்கம் உறுப்பினர் ஐவர் விரும்பும் வீடுகளுக்கு வருவோம். கட்டணம் இல்லை. கடந்த ஆறு மாதப் பட்டியல்களையும் ஒரு கொப்பியையும் எடுத்து வையுங்கள். எல்லா ஆளிகளையும் நிறுத்திவிட்டு மானியைப் பார்ப்போம்; அப்போதும் அதன் சக்கரம் சுழன்றால், அல்லது சிவப்பொளி சிமிட்டினால், எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அதற்கு மின்வேலை அறிந்தவரைத்தான் அழைக்க வேண்டும், நாம் கைவைக்கமாட்டோம். பின்னர் ஒவ்வொரு கருவியாகப் போட்டுப் பார்த்து, எது எவ்வளவு தின்கிறது என்று கொப்பியில் எழுதித் தருவோம். இரவு படுக்கமுன் ஒருமுறையும் காலையில் எழுந்ததும் ஒருமுறையும் மானியின் இலக்கத்தைக் குறித்து வைத்தீர்களானால் எமக்குப் பாதி வேலை குறையும். பெயர் கொடுக்க விரும்புவோர் வாசலில் நிற்கும் செயலாளரிடம் கொடுங்கள். நாய் உள்ள வீட்டுக்காரர் அதனையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.